1,799 ரூபா கரி க்ரில்லும் எலுமிச்சையில ஊறின ஸ்டேக்கும்: ஒரு வருஷம் கழிச்சு எழுதுற ரிவ்யூ

இந்த க்ரில்ல வாங்கி ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. வாங்கின மறுநாளே எழுதியிருந்தா ஒரு ஸ்டார்தான் குடுத்துருப்பேன், ஆறு மாசம் கழிச்சு எழுதியிருந்தா அஞ்சு ஸ்டார் குடுத்துருப்பேன், இப்ப நிதானமா யோசிச்சுப் பாத்து மூணரைன்னு சொல்றேன். அந்த ஒண்ணுக்கும் அஞ்சுக்கும் நடுவுல என்ன நடந்துச்சுன்னுதான் இந்த ரிவ்யூ. கொஞ்சம் பெருசா இருக்கும், ஆனா வாங்கலாமா வேண்டாமான்னு யோசிக்கிறவங்க முழுசா படிங்க, ஏன்னா இதே மடக்கு க்ரில்ல இதே டிசைன்ல வேற வேற பேர்ல நிறைய பேர் விக்கிறாங்க, எல்லாம் கிட்டத்தட்ட ஒரே தகரப் பெட்டிதான், ஒண்ணுல உள்ள குறை எல்லாத்துலயும் இருக்கும்.

மொதல்ல ஊரச் சொல்லிர்றேன், ஏன்னா சமையல் விஷயத்துல ஊரு முக்கியம். நாங்க செங்கோட்டை. 1956 நவம்பர் வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சியோட இருந்துட்டு அப்புறம் இந்தப் பக்கம் வந்து சேந்த ஊரு. அதனால எங்க வீட்டுச் சாப்பாடும் பாதி இந்தப் பக்கம் பாதி அந்தப் பக்கம். பிரானூர் பார்டர் பரோட்டாவும் வேணும், ஆரியங்காவு தாண்டி கெடைக்கிற போத்தெறச்சியும் (எருமை எறச்சி) வேணும். சாரல் சீசன்ல மாடியில நின்னா மலை முழுசும் மேகம் மூடி, காத்துல தண்ணி பறந்து வரும், அந்த நேரத்துல கரி அடுப்புல எறச்சி சுட்டு சாப்பிடுறத நெனச்சுப் பாருங்க, அதுக்காகத்தான் இத வாங்கினதே.

இன்னொரு காரணம் என் வீட்டுக்காரியோட தம்பி. துபாய்ல ஒரு ஹோட்டல் கிச்சன்ல நாலு வருஷம் க்ரில் செக்‌ஷன்ல நின்னவன், இப்ப கொல்லத்துல இருக்கான். லீவுக்கு வந்தப்ப எலுமிச்சையும் ஆரஞ்சும் சேத்து ஊற வச்ச ஸ்டேக்க (கனமா வெட்டின மாட்டெறச்சித் துண்டு) வெறும் ரெண்டு செங்கல், ஒரு பழைய கம்பி வலை வச்சு சுட்டுக் குடுத்தான். நான் சின்ன வயசுல இருந்து எறச்சி சாப்பிடுறவன், வறுவல், உலர்த்தினது, தேங்காக்கொத்து போட்டு எடுத்தது எல்லாம் சாப்பிட்டுருக்கேன், ஆனா அந்த ருசி வேற. வெளிய மொறுமொறுன்னு கருஞ்செவப்பா, உள்ள சாறு நிறைஞ்சு, கடைசியா ஒரு புளிப்பு வந்து நாக்க எழுப்பிவிடும். இத நம்ம வீட்டுலயே நெனச்சப்ப செய்யணும்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்.

இப்ப பொருளுக்கு வர்றேன். விலை 1,799, டெலிவரி சேத்து. மேல பாத்தா நீளம் 35 செமீ, அகலம் 28 செமீ, மடிச்சா ஒரு பெரிய டிபன் பாக்ஸ் மாதிரி ஆயிரும். கறுப்பு பெயிண்ட் அடிச்ச மெல்லிசு தகரம். காலு மடக்குற மாதிரி கம்பி. மேல குரோம் பூசின கம்பி வலை, ஒவ்வொரு கம்பியும் கிட்டத்தட்ட 3 எம்எம்தான் இருக்கும். பக்கவாட்டுல காத்துக்கு ஓட்டை இருக்கு, ஆனா அத மூடுறதுக்கு ஷட்டர் கெடையாது, அதாவது தணல கூட்டுறதும் கொறைக்கிறதும் கரிய தள்ளிவிட்டுத்தான் செய்யணும். கரி போடுற தட்டுக்கும் வலைக்கும் நடுவுல 12 செமீ இடைவெளி. இந்த 12 செமீ-ய ஞாபகம் வச்சுக்கோங்க, எல்லா பிரச்சனையும் அங்கதான் ஆரம்பிச்சுது.

பெட்டிய பிரிச்சப்பவே ஒரு காலுக்கு போல்ட் இல்ல. வித்தவங்களுக்கு போட்டோ எடுத்து அனுப்பினேன், மூணு தடவ மெயில் போட்டேன், "உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது"ன்னு வந்துச்சே தவிர போல்ட் வரல. தென்காசியில ஹார்டுவேர் கடையில அஞ்சு ரூபாய்க்கு வாங்கிப் போட்டேன். அஞ்சு ரூபா பெருசில்ல, ஆனா தணல் நிறைஞ்ச பெட்டி ஆடுற காலுல நிக்கிறது விளையாட்டு இல்ல, வீட்டுல சின்னப் புள்ளைங்க இருக்கு, இந்த ஒரு விஷயத்துக்கு மட்டுமே அர ஸ்டார் கொறைச்சுருக்கேன். பெயிண்டும் மொத தடவ சூடு ஏறினப்ப கண்ணு எரியிற மாதிரி புகைஞ்சுது. வாங்கினவங்க மொதல்ல சும்மா கரி போட்டு ஒரு மணி நேரம் எரிய விடுங்க, எறச்சிய அன்னைக்கே வைக்காதீங்க.

மொத சமையல் படுதோல்வி. ராத்திரி எட்டு மணிக்கே எறச்சிய எலுமிச்சைச் சாறுல போட்டு பிரிட்ஜ்ல வச்சேன், நல்லா ஊறட்டும்னு. காலையில எடுத்துப் பாத்தா மேல் பக்கம் வெளிறிப்போய் சாம்பல் கலர்ல, தொட்டா மாவு மாதிரி. க்ரில்ல வச்சா சொய்ங்னு சத்தமே வரல, கொஞ்ச நேரத்துல தண்ணி விட ஆரம்பிச்சு அந்தத் தண்ணியிலயே வெந்துச்சு. பத்து நிமிஷம் ஆகியும் செவக்கல. சாப்பிட்டா அவிச்ச எறச்சியில எலுமிச்ச பிழிஞ்ச மாதிரி இருந்துச்சு, உள்ள மட்டும் தோல் மாதிரி இழுவை. அம்மா ஒரு வாய் வச்சுட்டு மிச்சத்த எடுத்துட்டுப் போய் மிளகு போட்டு பெரட்டிக் கொண்டாந்தாங்க, அப்புறம்தான் எல்லாரும் சாப்பிட்டோம்.

மச்சினனுக்கு வீடியோ கால் போட்டு காட்டினேன். அவன் எறச்சிய பாக்கவே இல்ல. "அத்தான், க்ரில்ல கேமராவ கொஞ்சம் கீழ எறக்குங்க, கரிக்கும் வலைக்கும் எவ்வளவு கேப் இருக்கு"ன்னு கேட்டான். சொன்னேன். "அதான் அத்தான். சிக்கனுக்கு அது ஓகே. சிட்ரஸ் ஸ்டேக்குக்கு அந்த சூடு பத்தாது"ன்னான்.

அவன் சொன்னத வச்சு நானும் தேடிப் படிச்சு புரிஞ்சுக்கிட்டது இது. எறச்சி செவந்து அந்த வறுத்த வாசம் வர்றதுக்கு மேற்பரப்பு 140 டிகிரி செல்சியஸ் பக்கம் போகணும், மெய்லார்ட் ரியாக்‌ஷன்னு சொல்வாங்க, 1912-ல ஒரு பிரெஞ்சு விஞ்ஞானி விளக்கினது. ஆனா மேல தண்ணி இருக்குற வரைக்கும் சூடு 100 டிகிரிய தாண்டாது, தண்ணி ஆவியாகி முடிஞ்சாத்தான் மேல ஏறும். எலுமிச்சைச் சாறுல ஊறின எறச்சியில மேல ஈரம் அதிகம், அதுக்கு மேல புளிப்பு வேற அந்த செவக்குறத மெதுவாக்கும். ஆரஞ்சுல சர்க்கரை இருக்கு, அது செவக்க உதவினாலும் கொஞ்சம் அசந்தா கரிஞ்சு கசக்கும். அதனால இந்த சமையலுக்கு வேண்டியது பலமான சூடு, கொஞ்ச நேரம். பலவீனமான சூடு ரொம்ப நேரம் குடுத்தா எனக்கு நடந்ததுதான் நடக்கும். ஒரு க்ரில் நல்ல க்ரில்லான்னு பாக்கணும்னா சிக்கன் சுட்டுப் பாக்காதீங்க, சிக்கன் எதுலயும் வெந்துரும். எலுமிச்சையில ஊறின ஸ்டேக்க வச்சுப் பாருங்க, அதுதான் க்ரில்லுக்கு உண்மையான பரீட்சை. இந்த க்ரில் அந்த பரீட்சையில பெயில், கடையில வந்தபடியே பாத்தா.

ஆனா தூக்கிப் போடல. இலஞ்சி போற ரோட்டுல ஒரு வெல்டிங் பட்டறை இருக்கு, அங்க கொண்டுபோய் பெட்டிய காட்டி, 8 எம்எம் எம்எஸ் (பூச்சு இல்லாத சாதா இரும்பு) ராடுல புதுசா ஒரு வலை செஞ்சு குடுங்கன்னு கேட்டேன். பட்டறை அண்ணாச்சி மொதல்ல "ஜிஐ கம்பில போட்டா துரு பிடிக்காதே"ன்னார். வேண்டாம்னு சொல்லிட்டேன், நீங்களும் வேண்டாம்னு சொல்லிருங்க, ஜிஐ-ல மேல துத்தநாகம் பூசிருக்கும், தணல் சூட்டுக்கு அது புகையா கெளம்பும், சாப்பாட்டுப் பொருளுக்கு ஆகாது. வெறும் இரும்பு போதும். அடுத்தது, வலைய பெட்டியோட விளிம்புல ஒக்கார வைக்காம நாலு பக்கமும் கொக்கி மாதிரி வளைச்சு உள்ள 6 செமீ எறங்குற மாதிரி செய்யச் சொன்னேன். 12 செமீ பாதியாச்சு. மொத்தம் 450 ரூபா ஆச்சு. வெல்டிங் வச்ச எடத்தையெல்லாம் அவரே கிரைண்டர் பிடிச்சு வழவழன்னு ஆக்கிக் குடுத்தார், நான் கேக்கவே இல்ல. வீட்டுக்கு வந்து கழுவிக் காயவச்சு, தேங்காண்ணெ தடவி, தணல்ல வச்சு புகையிற வரைக்கும் காச்சி, மறுபடி தடவி, இப்படி மூணு தடவ. தோசக்கல்லு பழக்குற மாதிரியேதான்.

அந்த வலை வந்த பிறகு இது வேற அடுப்பு ஆயிருச்சு. கனமான கம்பி சூட்ட பிடிச்சு வச்சுக்கும், குளுந்த எறச்சிய வச்சாலும் சூடு எறங்காது. பழைய 3 எம்எம் கம்பியில எறச்சி வச்ச உடனே கம்பி ஆறிப்போகும், குரோமும் ஆறு தடவயிலயே உரிய ஆரம்பிச்சுருச்சு, உரியிற குரோம் வலைய மேற்கொண்டு யூஸ் பண்ணாதீங்க.

கரி பத்தி சொல்லணும். சூப்பர் மார்க்கெட்ல பார்பெக்யூ கரின்னு பாக்கெட்ல விக்கிறாங்க, அது எனக்கு சரிப்படல. எங்க தெரு தேப்புக்கடைக்காரர் இஸ்திரி பெட்டிக்கு போடுற சிரட்டைக் கரிதான் பெஸ்ட். சிரட்டைக் கரி நல்லா சூடு குடுக்கும், சாம்பல் கம்மி, பத்திக்கிட்ட பிறகு புகையும் கம்மி. அவர்ட்ட கேட்டு அவர் வாங்குற எடத்துலயே நானும் மூட்டையா வாங்கிட்டேன். "நனைய விட்டுறாதீங்க, ஈரம் பட்டா டப்பு டப்புன்னு வெடிச்சு தெறிக்கும்"னு அவர் சொன்னது சரியான எச்சரிக்கை, சாரல் நேரத்துல சும்மா மூலையில வச்சாலே ஈரத்த இழுத்துக்குது, இப்ப மூடி போட்ட பெயிண்ட் டப்பாவுல வச்சுருக்கேன். பத்த வைக்க மண்ணெண்ணெ ஊத்தவே கூடாது, வாசம் எறச்சியில ஏறிரும். கீழ காஞ்ச பன்னாடையும் கொஞ்சம் தும்பும் வச்சு, மேல கரிய கூம்பா குவிச்சு, பனையோல விசிறி எடுத்து வீசினா இருவது நிமிஷத்துல தயார். ஒரு கிலோ கரி போட்டா நல்ல காட்டமான தணல் முக்கா மணி நேரம் நிக்கும். முழுக்க வெள்ளச் சாம்பல் பூத்த பிறகு எல்லாத்தையும் ஒரு பக்கமா ஒதுக்கிருங்க, இன்னொரு பக்கம் காலியா இருக்கட்டும், ஏன்னு பின்னாடி சொல்றேன். உள்ளங்கைய வலைக்கு நாலு விரக்கட மேல நீட்டிப் பாருங்க, ரெண்டு எண்ணி மூணு எண்றதுக்குள்ள கைய எடுத்துட்டா சூடு சரியா இருக்குன்னு அர்த்தம். அஞ்சு வரைக்கும் எண்ண முடிஞ்சா இன்னும் வீசணும்.

எறச்சி வாங்குறதுக்கு நான் ஆரியங்காவு பக்கம் போறேன். புளியரை தாண்டி, கோட்டவாசல் செக்போஸ்ட் தாண்டி, பைக்ல போனா முக்கா மணி நேரத்துக்குள்ள. ஐஸ் போட்ட ஒரு சின்னப் பெட்டி கூட கொண்டுபோங்க, திரும்பி வர்றதுக்குள்ள எறச்சி சூடாயிரக் கூடாது. கடையில சேட்டன்கிட்ட என்ன செய்யப் போறேன்னு சொன்னேன், "ஸ்டேக்கினாணோ? எங்கில் அண்டர்கட் எடுத்தோ"ன்னு சொல்லி முதுகெலும்புக்கு உள் பக்கமா இருக்குற நீளமான துண்ட எடுத்துக் காட்டினார். போத்து அதிகம் நடந்து திரிஞ்ச மாடு, கொழுப்பு கம்மி, வயசும் கூட இருக்கும், தொடைக்கறி எடுத்தா இழுவை நிச்சயம். அண்டர்கட் அதிகம் வேலை செய்யாத தசை, அதனால மெதுவா இருக்கும், ஆனா ஒரு மாட்டுல கொஞ்சம்தான் கெடைக்கும், காலையில ஏழு மணிக்கு முன்னாடி போனாத்தான் உண்டு, ரேட்டும் தனி. அத ரெண்டரை செமீ கனத்துக்கு வெட்டித் தரச் சொல்லுங்க. நம்ம ஊருல கறின்னா சின்னதா நறுக்கித்தான் பழக்கம், நீங்க சொல்லலேன்னா துண்டு போட்டுருவாங்க. அண்டர்கட் கெடைக்காத அன்னைக்கு தொடையில ஜவ்வு இல்லாத எடமா எடுத்து ஒரு செமீ கனத்துல வெட்டி செஞ்சுருக்கேன், அதுவும் நல்லாத்தான் வந்துச்சு, சாப்பிடும்போது நாருக்கு குறுக்கா மெல்லிசா வெட்டணும், அவ்வளவுதான்.

இப்ப எலுமிச்சை. இந்த விஷயத்துல நம்ம ஏரியா குடுத்து வச்சது. எலுமிச்சை நகரம்னு பேர் வாங்கின புளியங்குடி எங்களுக்கு பஸ்ல ஒரு மணி நேர தூரம், அங்க இருந்து வர்ற பழம்தான் எங்க மார்க்கெட்ல. வெளிநாட்டு ரெசிபியில லெமன்னு போட்டுருந்தா அது பெரிய மஞ்சப் பழம், கெட்டித் தோலு. நம்மளது சின்னது, தோல் மெல்லிசு, புளிப்பு கூட, அதனால அவங்க சொல்ற அளவ அப்படியே போட்டா தப்பாயிரும். இந்த ஸ்டேக் மெக்ஸிகோக்காரங்க கார்னே அசாடான்னு செய்வாங்க, கியூபாவுல மோஹோன்னு ஒண்ணு, அதுல புளிப்பு ஆரஞ்சு, பூண்டு, ஜீரகம் சேரும். அந்த புளிப்பு ஆரஞ்சு நம்ம மார்க்கெட்ல கெடைக்காது, ஆனா எங்க வீட்டுப் பின்னாடி நார்த்த மரம் நிக்குது. ஸ்பானிஷ்ல ஆரஞ்சுக்கு நரான்ஹா, அரபியில புளிப்பு ஆரஞ்சுக்கு நாரஞ்ஜ், மலையாளத்துல நாரங்ங, நமக்கு நாரத்தை, பேர கேட்டாலே எல்லாம் ஒரே குடும்பம்னு தெரியும். ஒரு எலுமிச்ச, ஒரு கமலா ஆரஞ்சு, பாதி நார்த்தங்கா மூணையும் கலந்து பிழிஞ்சப்பதான் மச்சினன் செஞ்ச அந்த ருசி எனக்கு வந்துச்சு. வெறும் எலுமிச்ச மட்டும் போட்டா புளிப்பு குத்தும், வாசம் ஒத்தையா இருக்கும்.

நான் போடுற அளவு சொல்றேன். 800 கிராம் எறச்சிக்கு மேல சொன்ன சாறு மொத்தம் அர டம்ளர் வரும். எலுமிச்சைத் தோல் பச்சைய மட்டும் லேசா துருவி போடுங்க, வெள்ள வந்துட்டா கசக்கும். பூண்டு எட்டு பல்லு நசுக்கினது, மிளகு ஒன்றரை ஸ்பூன் ஒண்ணு ரெண்டா இடிச்சது, ஜீரகம் வறுத்துப் பொடிச்சது ஒரு ஸ்பூன், காந்தாரி மிளகா நாலு, மல்லித்தழை ஒரு கைப்பிடி, தேங்காண்ணெ மூணு மேசைக்கரண்டி, உப்பு ஒன்றரை ஸ்பூன். நார்த்த எலை ரெண்டு கசக்கிப் போட்டா வாசம் தூக்கும். மஞ்சப்பொடி, கரம் மசாலா எல்லாம் வேண்டாங்க, கை பழக்கத்துல போட்டுறாதீங்க, போட்டா இது வழக்கமான வறுவல் ஆயிரும். அலுமினியப் பாத்திரத்துல ஊற வைக்கக் கூடாது, புளிப்பு பட்டு உலோக வாசம் வரும், பீங்கான்லயோ எவர்சில்வர்லயோ வைங்க.

எவ்வளவு நேரம் ஊறணும்ங்குறதுதான் எல்லாரும் தப்பு பண்ற எடம், நானும் பண்ணேன். ஊற ஊற உள்ள எறங்கும்னு நெனைக்கிறோம், அப்படி இல்ல. புளிப்பு மேல சில மில்லிமீட்டர் மட்டும்தான் போகும், நேரம் கூடக் கூட அந்த மேல் பாகத்தையே திரும்பத் திரும்ப வேகவச்சு மாவாக்கும். ராத்திரி முழுக்க வச்சது எப்படி ஆச்சுன்னு சொன்னேன். நாலு மணி நேரம் வச்சுப் பாத்தேன், அப்பவும் குறுக்க வெட்டினா ஓரமா ஒரு வெளிறின வளையம் தெரிஞ்சுது. முக்கா மணி நேரத்துல இருந்து ஒரு மணி நேரம், அதுதான் சரி. உப்பு மட்டும்தான் உள்ள எறங்கும், அதனால இப்ப நான் உப்ப மட்டும் முந்துன நாள் ராத்திரியே தடவி பிரிட்ஜ்ல தெறந்த தட்டுல வச்சுர்றேன், சாற மறுநாள் சேக்குறேன். பக்கத்து வீட்டு அக்கா பப்பாளிக்கா அரைச்சுப் போடச் சொன்னாங்க, குழம்புக்கும் முழு தொடைக்கும் அது நல்ல யோசனைதான், ஆனா ஸ்டேக்குல புளிப்போட அதுவும் சேந்தா கொழகொழன்னு ஆயிருது, செஞ்சு பாத்துட்டுத்தான் சொல்றேன்.

சுடுறதுக்கு முன்னாடி எறச்சிய சாறுல இருந்து எடுத்து, பூண்டு தழையெல்லாம் வழிச்சு விட்டுட்டு, சுத்தமான துணியில ஒத்தி ஒத்தி ஈரத்த எடுக்கணும். ருசி போயிருமேன்னு எனக்கும் மனசு வரல, ஆனா போகாது, வாசம் ஏற்கனவே ஒட்டிருச்சு. மேல லேசா எண்ணெ தடவி தணல் இருக்குற பக்கம் வைங்க. வச்ச உடனே பலமா சொய்ங்னு சத்தம் வரணும். வந்தா அந்த சத்தத்த கேட்டுக்கிட்டே நில்லுங்க, கரண்டியால அமுக்காதீங்க, நகத்தாதீங்க. மூணு நிமிஷம். ஒட்டிக்கிட்டு இருந்த எறச்சி தானா விட்டுக் குடுக்கும், அப்ப திருப்புங்க. கருஞ்செவப்பா கம்பித் தடம் விழுந்து, ஓரத்துல கொழுப்பு இருந்தா அது பொரிஞ்சு நொரச்சுக்கிட்டு, எலுமிச்சைத் தோல் வாசமும் சிரட்டை வாசமும் ஒண்ணா கலந்து மூக்குல ஏறும். அந்தப் பக்கமும் மூணு நிமிஷம். அதுக்கு அப்புறம்தான் காலியா விட்ட பக்கம். அங்க தள்ளி வச்சு உள்ள வேக விடணும், நாலஞ்சு நிமிஷம்.

வெந்துச்சான்னு குத்திப் பாத்து, வெட்டிப் பாத்து சாற வீணாக்காதீங்க. 400 ரூபாய்க்கு ஊசி வச்ச தெர்மாமீட்டர் கெடைக்குது, ஆன்லைன்ல இந்த க்ரில்லோட சேத்து வாங்கின பொருள்ல குறையே சொல்ல முடியாத ஒண்ணு அதுதான். முழுத் துண்டு மாட்டெறச்சிக்கு உள்சூடு 63 டிகிரி வந்து மூணு நிமிஷம் ஆற விடணும்னு அமெரிக்க விவசாயத் துறை சொல்லுது. நான் அதையே வச்சுக்கிட்டேன். வெளிநாட்டுல 55 டிகிரியில ரத்தச் செவப்பா எடுக்குறாங்க, நம்ம கடை எறச்சி எவ்வளவு நேரம் வெளிய தொங்குதுன்னு தெரிஞ்சவன் நான், அது வேண்டாம். 63-ல அண்டர்கட் உள்ள லேசா ரோஸ் கலர்ல, நல்ல சாறோட இருக்குது. எடுத்து தட்டுல வச்சு ஏழு நிமிஷம் தொடாம விடுங்க, உடனே வெட்டினா சாறு எல்லாம் தட்டுலதான் நிக்கும். ஊற வச்ச சாறு மிச்சம் இருக்கும், பச்ச எறச்சி கெடந்த சாறு அது, அப்படியே மேல ஊத்தக் கூடாது, தனியா கொதிக்கவச்சு வத்தவச்சு வேணா ஊத்தலாம். நான் புதுசா ஒரு எலுமிச்சைய ரெண்டா வெட்டி, வெட்டுன பக்கத்த தணல்ல ஒரு நிமிஷம் சுட்டு, அந்த சூட்டோட பிழிஞ்சு விடுறேன். சுட்ட எலுமிச்சைக்கு ஒரு இனிப்பு வருது பாருங்க, அத எழுத்துல சொல்ல முடியல.

அம்மாவுக்கு உள்ள ரோஸா இருந்தா ஆகாது. அவங்களுக்கு மெல்லிசு துண்டா தனியா வெட்டி முழுசா வேகவச்சுக் குடுக்குறேன், மெல்லிசா இருக்குறதால காஞ்சு போறதுக்குள்ள வெந்துருது. போன மாசம் மொத தடவயா அவங்களே "அடுத்த ஞாயித்துக்கிழம போறியா ஆரியங்காவுக்கு"ன்னு கேட்டாங்க. எனக்கு அது போதும். தொட்டுக்க சின்ன வெங்காயத்த நீளமா அரிஞ்சு உப்பும் எலுமிச்சையும் பிசறினது, கப்பக்கெழங்கு அவிச்சது. பரோட்டாவும் வச்சுப் பாத்தோம், எண்ணெ மேல எண்ணெயா போயிருச்சு, கப்பதான் சரியான ஜோடி.

கேஸ் அடுப்புல வைக்கிற வரி போட்ட க்ரில் தவா வாங்கலாமான்னு நிறைய பேர் கேக்குறாங்க. எங்க வீட்டுல வார்ப்பிரும்புல ஒண்ணு இருக்கு, மழ பலமா அடிக்கிற அன்னைக்கு அதுலதான் செய்றேன். தடம் விழும், செவக்கும், ருசி எம்பது சதவீதம் வரும். ஆனா வீடு முழுக்க புகை, ஜன்னல் எல்லாம் தெறக்கணும், அந்த சிரட்டை வாசம் கெடையாது. அபார்ட்மெண்ட்ல இருக்குறவங்க அதையே வாங்குங்க, இந்த கரி க்ரில் உங்களுக்கு இல்ல. இது ரொம்ப முக்கியம், கரி க்ரில்ல வீட்டுக்குள்ளயோ, மூடின பால்கனியிலயோ, கதவச் சாத்தின கார் ஷெட்லயோ வைக்கவே வைக்காதீங்க. கரி எரியிறப்ப கார்பன் மோனாக்ஸைடு வரும், வாசமும் இருக்காது, கண்ணுக்கும் தெரியாது, ஆள் அப்படியே மயங்கிருவாங்க. சாரல் தூறுதேன்னு உள்ள தூக்கிட்டு வரணும்னு தோணும், எனக்கும் தோணிருக்கு. நாங்க மாடியில நாலு பக்கமும் தெறந்த ஒரு ஷீட் கூரைக்குக் கீழ வச்சுத்தான் செய்றோம், கரி முழுசா அணைஞ்சு ஆறின பிறகுதான் கீழ எறக்குறது.

ஆக மூணரை ஸ்டாருக்கு கணக்கு இதுதான். பெட்டி சின்னதா மடங்குது, ரெண்டு கிலோ கரி வரைக்கும் தாங்குது, நாலு பேருக்கு ஒரே ஈட்டுல ஸ்டேக் போட்டு எடுக்க எடம் இருக்கு, பட்டறை வலை போட்ட பிறகு சூடு அருமை. ஒன்றரை போனது எதுக்குன்னா, போல்ட் விஷயம் அர, வலை ஒண்ணு. அடித்தகரம் நடுவுல கொஞ்சம் வளைஞ்சுருக்கு, இன்னும் ரெண்டு வருஷம் ஓடும்னு நெனைக்கிறேன், அதுக்கு கீழ ஒரு கடப்பக்கல் துண்டு போட்டு வச்சுருக்கேன், தரையும் சுடாது. 1,799-உம் 450-உம் சேத்து 2,249 ஆச்சு, உங்க ஊருல நல்ல பட்டறை இருந்தா மொத்த அடுப்பையுமே அங்க கனத் தகரத்துல செய்யச் சொல்லிக் கேட்டுப் பாருங்க, எங்க அண்ணாச்சி மூவாயிரத்துக்குள்ள செஞ்சு தர்றேன்னு சொல்லிருக்கார், இது ஓட்ட விழுந்தா நான் அதத்தான் செய்யப் போறேன்.

கழுவுறதப் பத்தி ஒண்ணு. எலுமிச்ச மூடிய வச்சு வலைய தேய்க்கலாம்னு ஒரு வீடியோவுல பாத்து செஞ்சேன், பழக்கி வச்ச எண்ணெப் படலம் எல்லாம் போய் மறுநாளே துரு வந்துருச்சு. இப்ப சூடா இருக்கும்போதே ஒரு பெரிய வெங்காயத்த பாதியா வெட்டி கம்பியில குத்தி, வெட்டுன பக்கத்தால அழுத்தித் தேய்க்கிறேன், ஒட்டினது எல்லாம் கழண்டு வந்துருது. ஆறினதும் தேங்காண்ணெ தடவி, தினத்தந்தியில சுத்தி, அடுப்படிக் கதவுக்குப் பின்னாடி ஆணியில மாட்டிர்றேன், சாரல் ஈரம் அங்க எட்டாது.